இரண்டாவது ஒயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாஜ் நிஷாவைப் பற்றி யாராவது "பாவம், சாதுவான பொண்ணு" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதுவாம். தினமும் அவளோடு ஒரே காரில் வேலைக்குப் போய்வருகிற எனக்கல்லவா தெரியும்.

அமெரிக்காவில், டாலஸ் பக்கத்தில் இருக்கிற இர்விங்கில் எங்கள் இருவருக்கும் ஒரே அபார்ட்மென்ட் வளாகம். அவள் கீழக்கரைப் பெண், படித்தது எலெக்ட்ரிகல். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் மின் பேனல் செய்கிற ஒரு கம்பெனியில், அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக வேலை பார்த்தவள். கணவர் ஹாஜா நஜ்முதீனுக்கு இங்கே ஐ.டி. வேலை கிடைத்ததும் டிபெண்டன்ட் விசாவில் கூட வந்தாள். அந்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. நிஹால் பிறந்தான், ஆஃபீஃபா பிறந்தாள், வேலை பெர்மிட் மட்டும் வரவில்லை. படித்த பெண்ணை வருஷக்கணக்காக வீட்டில் உட்கார வைக்கிற இந்தச் சட்டத்தை எழுதியவன் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. அவள் புலம்பவில்லை. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து புதிதாக வந்த கருவிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பெர்மிட் வந்தது. ஆனால் இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளின் ரெஸ்யூமேவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? முகுந்த் பார்த்தார். ஃபேக்டரிகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து பொருத்துகிற எங்கள் கம்பெனியில் அவர் ப்ராஜெக்ட் மேனேஜர். நான் பர்ச்சேஸ். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், "நம்ம ஊர்ப் பொண்ணு, திறமை இருக்கு" என்று தன் பெயரைப் போட்டு ரெஃபர் செய்தார். அந்த நன்றியை நிஷா ஒரு நாளும் மறந்ததில்லை. பெருநாளுக்கு முதல் பிரியாணி டப்பா அவர் வீட்டுக்குத்தான் போகும்.

அப்படிப்பட்ட மனிதரோடுதான் அவள் மோத வேண்டி வந்தது.

டாலஸுக்குத் தெற்கே ஒரு குளிர்கிடங்கு. இங்கே நம்மூர்க்காரர் கடைகளில் விற்கிற ஃப்ரோஸன் பரோட்டா முதல் மீன் வரை அங்கேதான் வந்து இறங்கும். அவள் முதல்முறையாகத் தனிப் பொறுப்பில் செய்த வேலை அது. வெள்ளிக்கிழமை கிடங்கைத் திறப்பதாக ஏற்பாடு. 'எல்லாம் சரி' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கே ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருந்தது. விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. சின்னச் செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டி. கதவு, கேமரா, அலாரம் எல்லாவற்றின் கேபிளும் அதில் வந்து சேர்ந்து, அதன் வழியாகத்தான் கன்ட்ரோல் ரூம் திரைக்குப் போகும். குளிரறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அந்தச் சேதியும் இதே பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் அதற்குக் கரண்ட் கொடுக்க இரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு பேனலிலிருந்து வெவ்வேறு ஒயர் வர வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்.

பெட்டியில் இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் நிஷா பார்த்ததோடு விடுகிறவளா? புதன்கிழமை காலை முதல் பேனலின் ப்ரேக்கரை அணைத்துப் பார்த்தாள். இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தன.

பேனலைத் திறந்தாள். இரண்டாவது இடத்துக்கு எங்கிருந்தும் கரண்ட் வரவில்லை. முதல் இடத்துக்கு வந்ததையே ஒரு சாண் ஒயரை வளைத்து இரண்டாவதற்கும் கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் கால் நாற்காலிக்கு மீதி மூன்று காலையும் படம் வரைந்து வைத்தது போல. அந்த ஒயரைப் போட்டது முகுந்த்.

"மறுகோடி பேனல்லேர்ந்து கேபிள் இழுக்கணும்னா ஒரு வாரம் ஆகும்மா," என்றார் அவர். மறைக்கவெல்லாம் இல்லை. "ரெண்டாவதுக்குக் கரண்ட் இல்லேன்னு ரெட் லைட் எரிஞ்சா கஸ்டமர் கேள்வி கேப்பான். ஓப்பன் ஆகட்டும், அடுத்த மாசம் வந்து மெதுவா பண்ணிக்கலாம். நீ சைன் பண்ணிடு."

"அடுத்த மாசம் யாருண்ணா ஞாபகம் வச்சிருப்பாங்க? லைட்டு பச்சையா எரியுதே."

"நிஷா, உன்னை நான் ரெஃபர் பண்ணிருக்கேன். என் பேரு இருக்கு இதுல."

"இருக்குண்ணா. அதனாலதான் மாட்டேங்கறேன்."

சாமான் கணக்குப் பார்க்க வந்திருந்த நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. முகுந்த் மேலே ஒரு வார்த்தை சொன்னால் போய்விடும். போனால் அந்த ரெஸ்யூமேவுக்கு மறுபடி யார் கதவைத் திறப்பார்கள்? "ஏம்மா, போட்டுத் தொலையேன்" என்று என் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் இன்று நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

முகுந்துக்குக் கோபம் தலைக்கேறியது. "சும்மா பயமுறுத்தாதே. ஒரு பவர் சப்ளை போறது ரேர். அப்படியே போனாலும் ஸ்க்ரீன்ல தெரிஞ்சிடும்."

"தெரியுமா அண்ணா? அப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்க உள்ள போய் நில்லுங்க. நான் ப்ரேக்கரை ஆஃப் பண்றேன். பட்டனை அமுக்குங்க. ஸ்க்ரீன்ல தெரிஞ்சா நான் இப்பவே சைன் பண்றேன்."

அவர் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக, தடித்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லூபேயிடம் விஷயத்தைச் சொல்லி, கைப்பிடியில் கை வைத்தபடி கதவருகே நிற்கச் சொன்னாள் நிஷா. ப்ரேக்கரை அணைத்துவிட்டு என்னோடு கன்ட்ரோல் ரூமுக்கு வந்தாள்.

திரையில் எல்லாக் கதவும் பச்சையாக இருந்தன. எதுவும் அசையவில்லை. பெட்டி செத்துப்போனது திரைக்குத் தெரியாது. கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மனிதர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார், இங்கே ஒரு சத்தமும் இல்லை. நிஷா திரையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை, ஓடிப்போய் லூபேயிடம் கதவைத் திறக்கச் சொன்னாள்.

முகுந்த் மீசையில் பனியோடு வெளியே வந்தார். "வந்துச்சா?" என்றார்.

"வரலை சார். எல்லாம் பச்சையாத்தான் இருந்துச்சு," என்றேன் நான்.

அவர் நேரே பேனலுக்குப் போய் அந்த ஒயரைத் தானே கழற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கேயே நின்று கஸ்டமருக்கு ஃபோன் செய்து, வெள்ளிக்கிழமை திறக்க முடியாது, தவறு என்னுடையது என்றார். அதற்கு மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நிஷாவோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அது அவளை வாட்டியது. காரில் வரும்போது, "அண்ணனுக்கு நான் துரோகம் பண்ணிட்டேனாக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் திட்டின திட்டில் மறுபடி கேட்கவில்லை. ஆனால் வேலையில் ஒரு நூல் விட்டுக்கொடுக்கவில்லை. மறுகோடி பேனலிலிருந்து கேபிள் இழுக்க ஏணியில் அவளே ஏறினாள். சேதி வருவது நின்றால் திரை சாம்பல் நிறமாகிக் கூப்பாடு போட வேண்டும் என்று அதையும் மாற்ற வைத்தாள்.

அடுத்த வாரம் மறுபடி சோதனை. இந்தமுறை தானே உள்ளே போவேன் என்று நின்றாள். கதவருகே லூபே. முதல் பேனலின் ப்ரேக்கரை அணைத்துவிட்டு நான் கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். முகுந்த் அங்கே கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அலாரம் அலறியது. திரையில் அந்த ஒரு கதவு மட்டும் சிவப்பாக மின்னியது.

சோதனை என்று தெரிந்தவர்தான். கதவருகே ஆள் நிற்பதும் தெரியும். ஆனாலும் ஜாக்கெட்டுக்குக்கூட நிற்காமல் முகுந்த் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். லூபேயை ஒதுக்கிவிட்டு அவரே கதவை இழுத்துத் திறந்தார். புகைபோல் வந்த குளிருக்குள் நிஷா நடுங்கிக்கொண்டு நின்றிருந்தாள், விரல் இன்னும் பொத்தானில்.

"கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சும்மா," என்றார். "வெளிய வா."