மூவர் எழுப்பிய இரைச்சல்

எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குள், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூன்று பேர் உட்கார்ந்து சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தோம். அதைச் சங்கீதம் என்று சொல்ல எங்களுக்கே வாய் வராது. கடைக்காரன் என் வயதுக்காரன். வால்வு ரேடியோவின் முள்ளை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே நிறுத்தி, அங்கே கிடைக்கும் கீச்சொலியையும் கரகரப்பையும் திருகித் திருகி எடுப்பான். நான் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சூளையில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட மின்கம்பத்து இன்சுலேட்டர்களைக் கொண்டுவந்து, பழைய ரெக்கார்டு பிளேயரின் ஊசித் தலையை அவற்றின் மேல் ஒட்டி, தட்டுவேன், உரசுவேன். மூன்றாமவர் மைக் செட்டு வாடகைக்கு விடும் அண்ணன். மைக்கைக் கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓர் ஊளை எழும்புமே, கல்யாண வீட்டில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்களே, அதை அவர் ஏற்றி இறக்கி ஆண்டுகொண்டிருந்தார்.

“ஈயத்தக் காச்சிக் காதுல ஊத்துறீங்களேய்யா” என்பார் எதிர்க்கடை டீக்காரர். எங்களுக்கு அது பாராட்டு.

முன்கூட்டி எதுவும் பேசிக்கொள்வதில்லை. ஒரே ஒரு ஒழுங்குதான். ஒருவர் ஏறினால் மற்றவர் இடம் விட வேண்டும். ஒருவர் அடங்கினால் மூவரும் அடங்க வேண்டும்.

ஒரு கட்டத்தில் அண்ணன் அடங்குவதை விட்டுவிட்டார். நாங்கள் இருவரும் ஓய்ந்த பிறகும் அவருடைய ஊளை மட்டும் ஏறிக்கொண்டே போகும். புதிதாக எதையோ பிடித்துவிட்டார் என்று நினைத்து, நானும் கடைக்காரனும் விழுந்தடித்து அவரைத் துரத்தினோம். மாதக்கணக்கில் இப்படியே. என்ன பெருமை எங்களுக்கு! இரண்டு மடையர்கள்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் ஒருவழியாக நிறுத்தியதும் பின்னால் நின்று கத்தினேன். “எத்தினி தடவ அடங்கிக் காட்டறது? செவுடன் காதுல ஊதுன சங்கா இருக்குதுண்ணே!”

அவர் திரும்பவே இல்லை. மைக் ஒயரைச் சுருட்டி முடித்துவிட்டு, நிதானமாக எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“இன்னிக்கு மூணு பேரும் ஒண்ணாவே முடிச்சோம், பாத்தீங்களாடா?”

கடைக்காரன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன், ஸ்ரீமுஷ்ணம், வேப்பூர் என்று ஊர் ஊராகப் பதினைந்து வருஷம் கூம்பு ஸ்பீக்கருக்கு அடியிலேயே உட்கார்ந்து தொழில் செய்தவர். புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். காது நரம்பு பட்டுப்போய்விட்டது, இருக்கிற கொஞ்சமும் சீக்கிரம் போய்விடும், மருந்து கிடையாது என்றார் டாக்டர். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அண்ணனிடம் நீட்டியவன் நான்தான். அவர் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் சொன்னார்.

“தொழிலு போனா போவுது. ஞாயித்துக்கெழம மட்டும் வருவேன். ஒங்க கையப் பாத்து வாசிச்சிக்கிறேன். வேணாம்னு சொல்லிடாதீங்கடா.”

வந்தார். சில மாதங்களில் டாக்டர் சொன்னபடியே காது முழுக்க அடைத்துப்போயிற்று. என் கை வேகமானால் அவர் ஏற்றுவார், மெதுவானால் இறக்குவார். கேட்கச் சகிக்காது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவர் முகம் பழைய முகமாக இருக்கும். அதற்காகவே நாங்கள் கையை வீசி வீசி வாசித்தோம்.

அப்படி ஒரு மதியம் நடுவில் கரண்ட் போனது. ரேடியோ செத்தது, ஊளை செத்தது. அவருடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சிவப்பு விளக்கு எப்போதோ பீஸாகியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருகினார். நிறுத்தத்தான் நினைத்தேன். கை நிற்கவில்லை. வெறும் பீங்கானை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தேன். கடைக்காரனும் செத்த ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். அண்ணன் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

முடித்துவிட்டு, வேர்த்துக் கொட்டிய நெற்றியைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தார். ஃபேன் நின்றிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“எவ்ளோ நேரமாடா கரண்ட்டு இல்ல?”

நான் இன்சுலேட்டரைக் கீழே வைத்தேன். என்ன சொன்னாலும் அவர் காதில் விழப்போவதில்லை என்பது அந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.