ஒரு கிலோ ஐஸ்

ஐஸ்காரருக்கு இப்போது அறுபத்தேழு வயது. ஐஸ் கம்பெனியை விட்டு வந்து பத்து வருஷமாகியும் பேர் மட்டும் போகவில்லை. சொந்த மச்சினனே அப்படித்தான் கூப்பிடுகிறான். முட்டி இரண்டும் மக்கர் பண்ணுகின்றன. மற்றபடி மனிதர் கெட்டி. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நினைப்பு நேராக அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகும். போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போது அவருக்கு இருபத்தாறு. ஐஸ் கட்டியை அறுத்து, மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றுகிற வேலை. எதிர்த்தெருப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் கம்பெனி வாசலில் வந்து நின்றார். டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான், இன்னும் நிரந்தரமாகவில்லை.

"வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். என் பாடத்தைப் பார்த்துட்டுத்தான் வேலையில வெச்சுக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு எழுதுவார். எனக்குச் சரியா ஒரு கிலோ ஐஸ் வேணும். கிடைக்குமா?"

கம்பெனியில் ஐம்பது கிலோவுக்குக் கீழே கட்டியே கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தவர், "நானே கொண்டுவந்து தர்றேன் டீச்சர்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

டீச்சரின் திட்டம் எளிமையானது. காலையில் பிள்ளைகள் கண்ணெதிரே ஐஸை எடை போட வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்ததும், உருகிய தண்ணீரை எடை போட்டுக் காட்ட வேண்டும். திடப்பொருள் திரவமானால் உருவம்தான் மாறும், எடை மாறாது. வாயுவைப் பற்றி வாயால் சொல்லி முடித்தாயிற்று. கண்ணில் காட்ட வழி தெரியவில்லை. இதையெல்லாம் நம்ம ஆளிடம் யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை தராசில் ஐஸ் சரியாக ஒரு கிலோ நின்றது. அதை ஜன்னலோரம் ஒரு பேசினில் வைத்தார்கள். பத்து மணிக்கு வர வேண்டிய இன்ஸ்பெக்டர் பதினொன்றுக்கு வந்து, தலைமையாசிரியர் அறையில் டீயும் பேச்சுமாக உட்கார்ந்துவிட்டார். டீச்சரையும் அங்கே கூப்பிட்டார்கள். "பிள்ளைங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று, ஐஸைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றிருந்த ஐஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகளைப் பார்த்திருந்தால் பரவாயில்லை. மனிதர் ஐஸைப் பார்த்தார். பாதி உருகி, தன் தண்ணீரிலேயே கிடந்தது. ஐஸ் வேலை செய்கிறவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் கரைந்துவிடும். பேசினைச் சாய்த்து, தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே கொட்டினார். டீச்சருக்குப் பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு வேறு.

இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. மிச்ச ஐஸும் தண்ணீராகிவிட்டது. "எவ்வளவு இருக்கும்?" என்று டீச்சர் கேட்க, "ஒரு கிலோ" என்று இரண்டு மூன்று பிள்ளைகள்தான் முனகின. தராசு அறுநூறு கிராம் காட்டியது. டீச்சரின் முகம் சுண்டிப்போனது. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் ஐஸ்காரருக்கு உறைத்தது. பேசாமல் நழுவியிருக்கலாம், நழுவவில்லை.

"சார், டீச்சர் மேல தப்பில்ல. தண்ணியை நான்தான் ஜன்னல் வழியா கொட்டினேன். பழக்க தோஷம்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். வெயிலில் கொதிக்கிற சிமென்ட் தரை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இங்க ஒண்ணுமே இல்லையே. இவர் பொய் சொல்றாரா?" என்றார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "இல்ல சார், அவர் கொட்டினதை நாங்க பார்த்தோம். வெயில்ல தண்ணி ஆவியாயிடுச்சு. ஆவி வாயு, அதுக்கு உருவமே கிடையாது, எங்க வேணா பரவும். அந்த நானூறு கிராமும் காத்துலதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் மூன்று வாரம், வேலை முடிந்து ஐஸ்காரர் தினமும் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போனார். சுற்று வழிதான். டீச்சரும் வாசலில் நின்று ஐந்து நிமிஷம் பேசுவார். டீச்சரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

நாலாவது வாரம் உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். ஆனால் வேறு ஊரில். பஸ்ஸில் எட்டு மணி நேரம்.

டீச்சரின் பெட்டியை ஐஸ்காரர்தான் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கி வந்து, சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, இறங்கி ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"அன்னைக்கு நீங்க மட்டும் உண்மையைச் சொல்லலைன்னா, எனக்கு இந்த வேலை ஏது?" என்றார் டீச்சர்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் போலிருக்கு டீச்சர்."

டீச்சர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.