மகள் விட்டுச் சென்ற பூனை

கல்யாணமாகி மாப்பிள்ளையோடு துபாய் போனபோது மகள் தன் பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். மஞ்சள் வரி போட்ட ஆண் பூனை. வீடியோ காலில் எங்களோடு ரெண்டு வார்த்தை பேசுவாள், மீதியெல்லாம் அதோடுதான். குரல் வருகிறதே, ஆளைக் காணோமே என்று அது செல்போனுக்குப் பின்னால் போய்த் தேடும்.

ஒருநாள் கொல்லை மணலில் குந்தி முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றித் தோண்டித் தோண்டி உட்கார்ந்தது. சாயங்காலம் கூடத்துத் தரையில் ரத்தச் சொட்டு.

கூடையில் வைத்து இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதன் அடிவயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார்.

"பாய், ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பச் சன்னம். கல்லு அடைச்சிருக்கு. இன்னும் தாமதிச்சா விஷம் ஏறிடும்."

மயக்க ஊசி போட்டு டியூப் விட்டார். சிவப்பாக வந்தது. ட்ரிப் ஏற்றினார். கருவாட்டை நிறுத்தச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கவைக்கச் சொன்னார். அதன்பின் அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி வைப்பேன். தேறியது. மறுபடி மதிலேறிக் குதித்ததைப் பார்த்து மகள் அங்கே அழுதாள். அவள் அப்போது உண்டாகியிருந்தாள்.

மழைக்காலத்தில் திரும்பவும் அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை ஸ்கேனில் கிட்னியிலேயே கல் தெரிந்தது. "மதுரையில ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். ஆனா தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

"கூட்டிட்டுப் போங்க வாப்பா" என்றாள் மகள்.

காரில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். சத்திரக்குடி தாண்டும்வரை என் விரலை நக்கிக்கொண்டு வந்தது. பரமக்குடி நெருங்கும்போது ஒருதடவை உடம்பை நீட்டியது. அப்புறம் மூச்சில்லை. என் மனைவி துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் ஓரமாக நிறுத்தினார்.

போன் அடித்தது.

"மதுரை வந்துட்டீங்களா வாப்பா?"

"போயிருச்சும்மா."



"கண்ணை மூடிவிட்டீங்களா?"

"மூடிப் பாத்தேன். மூட மாட்டேங்குதும்மா."

அவள் குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். புள்ளைத்தாச்சி அழக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே முடியவில்லை. காரைத் திருப்பச் சொன்னேன்.