பட்டன் தேவையில்லாத பாட்டு

"நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!" குழுவை நடத்தும் றெஜினா கையைத் தட்டினாள். பாடகர் குழு ஓய்ந்தது. றோசலின் கைப்பிடியை விட்டாள்.

"ஆரோ வக்கூம் பிடிக்கிறமாதிரிக் கிடக்கு" என்றாள் முன்வரிசை சிவானி. சிலர் சிரித்தார்கள்.

றோசலினின் மடியில் இருந்தது ஹர்டி-கர்டி. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் தந்திகளை உரசும். இடக்கை விரல்கள் கட்டைகளை அழுத்தி மெட்டை வாசிக்கும். அடித்தந்தி மட்டும் தம்புராபோல ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அந்தச் சுருதி சி (C).

பதினெட்டு வருடம் இந்தக் குழுவின் கீழ்க்குரல் வரிசையை நடத்தியவள். தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு தொண்டையில் காற்றுத்தான் வருகிறது. நாளைக் கிறிஸ்மஸ் பூசைக்கு இந்த வாத்தியத்தோடு ஒரு பாட்டாவது பொருந்தினால் குழுவில் இருக்கலாம் என்று றெஜினா சொல்லியிருந்தாள். இடையர் பாட்டும் தாலாட்டும் றோசலின் தெரிந்தெடுத்தவை. இரண்டும் சுருதி சேராமல் கெட்டுவிட்டன.

றோசலின் கீபோர்ட் வாசிக்கும் ராகுலனிடம் போனாள்.

"தம்பி, உம்மட கொப்பியில எல்லாத்துக்கும் சி எண்டுதானே கிடக்கு?" கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ஓம் அன்ரி. நான் எல்லாம் சியிலதான் வாசிப்பன். பிறகு ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமத்துவன், சுருதி தானா ஏறும். இடையர் பிளஸ் மூண்டு, தாலாட்டு பிளஸ் அஞ்சு." வார நாட்களில் வீடு விற்பவன். வேறு சுருதியில் வாசிக்கப் பழகவே இல்லை.

"அப்ப பூச்சியத்துக்கு இறக்கும்."

இறக்கினான். சிவானி இரண்டு வரி பாடிவிட்டு நின்றாள். "ஆம்பிளைக் குரலில பாட என்னால ஏலாது அக்கா."

ஹர்டி-கர்டியின் தந்திகளை அவர்களின் சுருதிக்கு முறுக்கினால் அறுந்துவிடும். றெஜினா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பத்து நிமிசத்தில மண்டபம் பூட்டீடுவினம். விடும் றோசலின். நாளைக்குக் கீழ சனத்தோட இரும்."

றோசலின் நகரவில்லை. "இதில எது பூச்சியம்?"

ராகுலன் கொப்பியைப் புரட்டினான். "அரசர் பாட்டு. அது உங்கட வரிசைப் பாட்டு. பட்டன் தேவையில்லை."

"அது இந்த வருசம் இல்லை" என்றாள் றெஜினா.

"ஏன்?"

"நீர்தானே எடுத்துக் குடுக்கிறனீர். இப்ப ஆர் எடுக்கிறது?"

றோசலின் இருந்த இடத்துக்குத் திரும்பி, கைப்பிடியைச் சுற்றினாள். முதல் வரியை எவரும் பாடவில்லை. இரண்டாவது வரியும் அப்படியே போனது. விரல் வியர்த்துக் கட்டை வழுக்கியது. மூன்றாவது வரியில் பின்னாலிருந்து தவமணி அரைத் தாளம் பிந்திச் சேர்ந்தாள். பிறகு இன்னும் இருவர். றெஜினா கையைத் தூக்கினாள். ஆனால் தட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் பாட்டுப் பட்டியலையும் பேனையையும் எடுத்தாள். "நாலாவதாப் போடுறன். பிழைச்சா அந்த இடத்திலயே நிப்பாட்டுவன்."

மறுநாள் பூசை பதினொரு மணிக்குத் தொடங்கியது. அரசர் பாட்டு நாலாவதாக வந்தது, மூன்று நிமிடம். இரண்டாம் சரணத்தில் ஒரு கட்டை இறுகிக்கொண்டது, வரிசை பாடிக்கொண்டு போனது. பிறகு கோப்பியும் றோல்ஸும் கொடுத்தார்கள். புதுவருடப் பூசைக்கு ஒத்திகை செவ்வாய் ஏழு மணிக்கு என்று றெஜினா எல்லோருக்கும் சொன்னாள். செவ்வாய் றோசலினுக்குப் பின்னேர வேலை. பார்க்கிங்கில் நின்று சுப்பர்வைசருக்குப் போன் அடித்து, ஷிஃப்ட்டை மாற்றித் தரக் கேட்டாள். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.