வாய்தாவுக்கு ஒரு கூலி

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நாற்றம் எங்கிருந்தாவது வந்தால் எனக்குத் தோல் ஞாபகம் வருவதில்லை. வேலூர் முன்சீப் கோர்ட்டு வாசலில் நின்ற புங்கமரம்தான் வருகிறது. அதன் அந்தப் பக்கத்து நிழலில் என் அண்ணன், இந்தப் பக்கத்து நிழலில் நான். இருவர் சட்டையிலும் அதே நாற்றம். வேறு யாரும் எங்கள் அருகில் உட்காரமாட்டார்கள்.

அப்பா விட்டுப்போனது ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி ஒரு கொட்டகை, தோல் ஊறப்போடும் சில தொட்டிகள், ஒரு கிணறு. பங்கு பிரித்தபோது கிணறு யார் பக்கம் என்பதில் சண்டை. கிணறு இல்லாத பாதியை வைத்துக்கொண்டு தோல் கழுவ முடியாது. அண்ணன் கோர்ட்டில் தாவா போட்டான். நான் வக்கீல் தேடிப் போனேன்.

முதலில் பார்த்தவர் நிதானமானவர். "வழக்கு முடியறவரைக்கும் மொத்தமா ஒரு தொகை பேசிக்கலாம். எத்தினி வாய்தா ஆனாலும் மேல கேக்கமாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கொட்டகையில் தோலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மொத்தமாக வாங்கினவன் கத்தியைத் தொடமாட்டான் என்பார் அப்பா. ஆகவே வாய்தாவுக்கு இவ்வளவு என்று வாங்கும் இன்னொருவரிடம் வக்காலத்தைக் கொடுத்தேன்.

தோலுக்குக் கூலி கொடுத்தால் தோல் பெருகும். வாய்தாவுக்குக் கொடுத்தேன், வாய்தா பெருகியது. சாட்சி வரவில்லை, கிணற்றை அளக்கக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் அறிக்கை தரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். என் வக்கீல் மோசமானவர் அல்லர். வராத நாளுக்குக் காசு கேட்டதில்லை. ஆனால் ஒருநாளும் வராமலிருந்ததில்லை.

பாலாறு மணலாய்க் கிடந்தது, நிறைந்தது, மறுபடி மணலானது. வாய்தாவுக்கு நானும் அண்ணனும் போவது ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டி. காட்பாடியில் இறங்கி வேறு வேறு ஜட்கா. வீட்டில் பேச எனக்கு ஆளில்லை. வாய்தா நெருங்கினால் மட்டும் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவேன்.

கடைசியில் தீர்ப்பு வந்தது: கிணறு பொது, செலவு அவரவருடையது. அதற்குள் இரண்டு பாதியும் அடமானத்தில் மூழ்கியிருந்தன. ஒரு தோல் மண்டிக்காரர் இரண்டையும் வாங்கிக்கொண்டார், கிணற்றோடு.

அண்ணன் கோலார் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா, இன்னிக்கு வாய்தா இல்லியே?"

"சும்மா வந்தேன்ணா."

தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டான். "உன் வக்கீலுக்கு எப்படிக் கூலி பேசினே?"

"வாய்தாவுக்கு இவ்ளோன்னு."

"அடப்பாவி. நானும் அப்படித்தான்டா." சிரிக்க ஆரம்பித்து இருமினான். "அப்பா பேச்சை ரெண்டு பேருமே தட்டல, பாரு."

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டினான்.

"வாய்தாவும் இல்லேன்னா, இனிமே உன்ன எங்கடா பாக்கறது?"