ஹொல்ஸ்டெப்ரோவில் வீங்கிய கோதுகள்

பிஸ்டலில் சுட்ட ரவையின் வெற்றுக் கோது வீங்கும். வீங்கின கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். இதுதான் என் தொழில்.

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் வேட்டைக்காரருக்கும் கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடையில் நிற்கிறேன். பிஸ்டல்காரர்கள் சிக்கனமானவர்கள். சுட்ட பித்தளைக் கோதை எறியமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், பிடி பிடித்து இழுக்கிற பிரஸ்ஸில் பூட்டிய உருக்கு அச்சுக்குள் அமத்தி ஒடுக்கி, மருந்தும் குண்டும் மறுபடி நிரப்புவார்கள். என்னைப்போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று வயிறு வளர்க்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: பழுதான சாமான் கடைக்கு வரும், பிழைவிட்ட ஆள் ஒருநாளும் வரமாட்டார். அவர்கள் டேனிஷில் சொன்னதை எங்கட தமிழிலேயே தருகிறேன். அந்த மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான், மரியாதைக் குறைவென்று நினைக்கவேண்டாம்.

அச்சு பழுது

ஸ்வென், பால் பண்ணையில் உழைத்து ஓய்ந்த மனிசன். மனைவி போனபிறகு தனிய இருக்கிறார். வியாழன் பின்னேரம் கிளப்பில் சுட்டுவிட்டு மற்றவர்களோடு இருந்து கோப்பி குடிப்பார். கிழமையில் அவரோடு ஆட்கள் கதைக்கிற நாள் அது ஒன்றுதான். இப்போது அவர் நிரப்புகிற ரவைகள் பிஸ்டலுக்குள் முழுதாகப் போகாமல் இறுகிப்போகின்றன. இன்னொருமுறை இறுகினால் சுடுகிற வரிசையில் நிற்க விடமாட்டோம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, ஊத்தை இல்லை. கோதை அளந்தால் வாய்ப்பக்கம் சரி, அடிப்பக்கம் இன்னும் வீக்கம். அச்சைக் கொஞ்சம் கீழே திருகிப் பூட்டச் சொன்னேன். அடுத்த கிழமையும் அதே கதை. புது அச்சுக் கொடுத்தேன். அதையும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

“நீ இப்ப தந்ததும் பழுது, சிவா. இந்தக் காலத்து இரும்பு அப்பிடித்தான்.”

வெண்ணெய்

லாஸ் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஒருநாள் பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்றி அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். கோது அச்சுக்குள் செருகிவிட்டது. இழுத்த இழுப்பில் அதன் அடிவிளிம்பு பிய்ந்துபோய், உள்ளே கிடந்தது பிடிக்க வழியில்லாமல் கிடந்தது. அவருடைய அச்சுக்குக் கோதில் மெல்லிசாகக் கிரீஸ் பூசவேண்டும். பூசினாயா என்று கேட்டேன். ஓம் என்றார். அச்சை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பாணும் வெண்ணெயும் வைத்த காலைச் சாப்பாட்டு மேசை மணத்தது.

கோதைத் துளைத்து, மரை வெட்டி, ஆணி ஏற்றி இழுத்தெடுப்பதற்குள் என் மத்தியானச் சாப்பாடு ஆறிவிட்டது. கிரீஸ் டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

“உப்புப் போடாத வெண்ணெய்தான் பூசினனான். அப்ப பிழை அச்சிலதான்.”

விளையாட்டுச் சாமான் கடை

என் மனைவி ஊராருக்கும் உறவுக்கும் நான் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள். பொய் என்று சொல்லமுடியாது. கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை செய்கிற அவளுடைய தமையன், பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றுக்கு வந்த இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் நுழைந்தார். நான் ஒரு தட்டு நிறையக் கோது துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரில் சண்டைக் காலத்தில் நான் கோது கண்டது எங்கள் முற்றத்தில், விடியப் பெருக்குகிறபோது. அதை ஒருவரும் பொறுக்கி நிரப்பவில்லை. இத்தனை வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன், ஒரு துவக்கும் சுட்டதில்லை. பித்தளை மணம் விரலில் ஏறிவிட்டால் சோற்றில் கைவைக்க மனம் வராது, கரண்டியால்தான் சாப்பிடுகிறேன். இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பி குடிக்கிறீரோ என்று கேட்டேன்.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்திட்டு, இஞ்ச துவக்குக்காரற்ற கோதைத் துடைக்கிறீர் மச்சான். தங்கச்சி பந்து விக்கிற கடையெண்டெல்லோ சொன்னவள்.”

பிடி

அச்சில் பிழையில்லை, பூட்டினதிலும் பிழையில்லை என்றால் மிஞ்சுவது பிரஸ்தான். ஸ்வெனை அதைக் கொண்டுவரச் சொன்னேன். கடையின் பின்னறை மேசையில் பூட்டி, வீட்டில் செய்கிற மாதிரியே செய்து காட்டு என்றேன். கோதை வைத்தார், பிடியைக் கீழே இழுத்தார். இன்னும் ஒரு சாண் இறங்கவேண்டியிருக்கப் பிடி நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை. “சரி, முடிஞ்சுது” என்று பிடியை விட்டார். கோது முக்கால்வாசிதான் உள்ளே போயிருந்தது.

நான் அதே கோதை வைத்து, அதே பிடியை அடிமட்டும் இழுத்தேன். கோதை எடுத்து அளவு பார்க்கிற கட்டையின் துளையில் விட்டேன், டொக்கென்று உள்ளே விழுந்தது. ஸ்வென் அதைப் பார்த்தபடி வலது தோளைத் தடவினார். எனக்கு அந்த டொக் சத்தத்தைத் திரும்பப் பிடித்து விழுங்கவேண்டும்போல இருந்தது. கடையில் நிரப்பின ரவை இருக்கிறது, அதை வாங்கிச் சுடலாமே என்றேன். பிடியை இழுக்க முடியாத கை பிஸ்டலை நீட்டிப் பிடிக்குமா என்று அவர் கேட்டார். பித்தளைத் தூளைக் கையால் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“டொக்டர் பெப்ரவரியிலயே சொன்னவர், தசை செத்துக்கொண்டு போகுதெண்டு. நான் முதல்ல அச்சை மாத்திப் பாப்பம் எண்டு நினைச்சன்.”

வியாழன் பின்னேரம்

ஸ்வெனின் பிரஸ் திரும்பிப் போகவில்லை. விற்றுவிடு என்று சொல்லிவிட்டார். லாஸ்தான் வாங்கினார், அவருடைய பிரஸ்ஸின் தண்டு வளைந்துவிட்டதாம். அவர் அதை எடுக்க வந்தது ஒரு வியாழன் பின்னேரம். ஸ்வென் கிளப்புக்குப் போகிற அதே ஜாக்கெட்டோடு எங்கள் கடைக் கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், கோப்பையை இடது கையில் பிடித்தபடி. லாஸ் பிரஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனதும், என்னிடம் வெண்ணெய்க் கதை கேட்டிருந்த ஸ்வென் கூப்பிட்டார்.

“வெண்ணெய் பூசாதை. பிடியை அடிமட்டும் இழு. ஏலுமட்டும் இழு.”

வீங்கினது எதையும் பழைய அளவுக்குக் கொண்டுவருகிற சாமான் எங்கள் கடையில் உண்டு, அதை இழுக்கிற தோள்தான் விற்பனைக்கு இல்லை.