ஜெட்டின் மூக்கில் வலை ஈயம்

சமாதான காலத்தில் கனடாவிலிருந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்த மச்சான், ரிமோட்டில் பறக்கிற ஜெட் ஒன்று கொண்டுவந்தான். பெட்டியைத் திறந்தால் உடம்பு முழுக்க நொறுங்கிக் கிடந்தது. மோட்டரும் ரிமோட்டும்தான் தப்பியிருந்தன. மீன்பெட்டியின் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோமை வெட்டி ஒட்டிப் புது உடம்பு செய்தோம். எவ்வளவு கழுவியும் மீன் வெடுக்கு மட்டும் போகவில்லை.

கடற்கரையில் பறக்கவிட எறிந்தோம். மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டு வாலால் மணலில் குந்தியது. மூன்று தரமும் அப்படித்தான். வால் பாரம், மூக்கில் எடை வேணும் என்றான் மச்சான். அவனுடைய அம்மா, என் மாமி, காயப்போட்டிருந்த வலையிலிருந்து இரண்டு ஈயக் குண்டுகளை அறுத்து மூக்குக்குள் செருகினேன்.

நாலாவது தரம் பறந்தது. பனைகளுக்கு மேலால், வள்ளங்களுக்கு மேலால், வெள்ளையாய், நாறிக்கொண்டு பறந்தது. பிள்ளைகுட்டிக்காரரான நாங்கள் இரண்டு பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினோம்.

"என்ர வலையில கை வைச்சது ஆரடா?"

மாமி விளக்குமாறோடு வந்தா. நான் மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தவா அப்படியே நின்றுவிட்டா. யுத்த காலத்தில் ஜெட் இரைச்சல் கேட்டால், உலையை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாகப் பங்கருக்குள் குதித்தவா அவா.

"பயப்பிடாதேங்கோ மாமி," என்றேன்.

"ஆருக்குப் பயம்? அதை இஞ்ச தா," என்று மச்சானின் கையிலிருந்த ரிமோட்டைப் பறித்தா. பற்றறி முடிந்து ஜெட் கடலில் விழும்வரை திருப்பித் தரவேயில்லை.